மேடையில் வேதியியல்: சென்னையில் முதல் நிகழ்ச்சி நடத்தப் போகிறவர்களுக்கு

கல்யாண வீட்டில் ஆரத்தி கரைப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்திருப்பீர்கள். மஞ்சள் கரைத்த தண்ணீரில், வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு கொஞ்சம் விழுந்ததும் தட்டு முழுக்கச் செக்கச்செவேல் என்று ஆகிவிடும். மஞ்சளில் இருக்கும் குர்குமின் என்ற பொருள், சுண்ணாம்பு மாதிரியான காரம் (அமிலத்துக்கு நேரெதிரான பொருள்) பட்டால் சிவக்கும், அவ்வளவுதான். அதே தட்டில் அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்தால் மறுபடி மஞ்சளாகும். அந்த இரண்டாவது பாதியை எந்தக் கல்யாணத்திலும் செய்து காட்டுவதில்லை. கூட்டத்தைக் கூட்டி வைத்து அதையும் செய்தால், வேதியியல் நிகழ்ச்சி தொடங்கிவிட்டது.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். ராமன் விளைவு 1928-இல் கண்டறியப்பட்டதை நினைவுகூரும் நாள். அதையொட்டிப் பள்ளிகளிலும் கல்லூரிகளிலும் அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கங்களிலும் "ஏதாவது சயின்ஸ் ஷோ பண்ணுங்களேன்" என்று கேட்பார்கள். அப்படி மாட்டிக்கொண்ட ஆசிரியர், முதுகலை மாணவர், ஓய்வுபெற்ற வேதியியல்காரர் எல்லோருக்கும்தான் இந்தக் கட்டுரை. பாடம் நடத்தத் தெரிந்தவர்தான் இதற்கு வேண்டும் என்பதில்லை. ஆனால் ஒத்திகை பார்க்கச் சோம்பல்படுகிறவருக்கு இது ஒத்துவராது.

எதைக் காட்டலாம், எதை விடலாம்

இணையத்தில் பார்த்ததையெல்லாம் பட்டியல் போடாதீர்கள். ஒவ்வொன்றிடமும் மூன்று கேள்விகள் கேளுங்கள். கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியுமா? நடந்தது என்ன என்று ஒரே வாக்கியத்தில் உங்களால் சொல்ல முடியுமா? மேடையில் சொதப்பினால் யாருக்காவது அடிபடுமா?

முதல் கேள்வியிலேயே பாதி கழிந்துவிடும். சோதனைக்குழாயில் வீழ்படிவு இறங்குவது ஆய்வகத்தில் அழகு, முன்னூறு பேர் உட்கார்ந்த அரங்கில் அதை யாரும் பார்க்கப் போவதில்லை. நிறம் மொத்தமாக மாறுவது, நுரை பொங்குவது, புகை வழிவது, இருட்டில் ஒளிர்வது ஆகிய நான்கும்தான் தூரத்துக்கு எடுபடும். மூன்றாவது கேள்வியில் தீ சம்பந்தப்பட்டவை பெரும்பாலும் அடிபட்டுப் போகும். போகட்டும்.

அரை மணி நேரத்துக்கு ஐந்து உருப்படிகள் போதும். கூட்டத்தை இழுப்பதில் பாதி வேலையை எதிர்பார்ப்பு செய்துவிடும். கலந்தவுடன் மாறுவதைவிட, கலந்து வைத்துவிட்டு எல்லோரையும் காக்கவைத்து, திடுமென மாறுவதற்குத்தான் கைதட்டல் அதிகம். அதனால் பட்டியலில் ஒன்றாவது "காத்திருந்து மாறும்" வகையாக இருக்கட்டும்.

எங்கே வாங்குவது

முக்கால்வாசிப் பொருட்கள் தெருமுனையிலேயே கிடைக்கும். சுண்ணாம்பு பெட்டிக்கடையில். காய்ந்த சங்குப்பூ நாட்டு மருந்துக் கடையில். ஊதா முட்டைக்கோஸ் கோயம்பேட்டில் நிச்சயம் இருக்கும். அமிலமோ காரமோ பட்டால் இந்த இரண்டின் சாறும் நிறம் மாறும். ஹைட்ரஜன் பெராக்சைடும் பொவிடோன் அயோடினும் மெடிக்கல் ஷாப்பில். ஈஸ்ட் பெரிய மளிகைக் கடையில், ரூபாய் நோட்டு சரிபார்க்கும் புற ஊதா டார்ச் எலக்ட்ரானிக்ஸ் கடையில். மெத்திலீன் நீலம் என்ற சாயத்தை மீன் தொட்டியில் பூஞ்சைக்கு மருந்தாக ஊற்றுவார்கள். கொளத்தூர் வண்ண மீன் கடைகளில் சின்ன பாட்டிலாகவே விற்பார்கள்.

காஸ்டிக் சோடா போன்றவற்றுக்கும் பெரிய கண்ணாடிச் சாமான்களுக்கும் பாரிமுனைப் பக்கம் போக வேண்டும். நைனியப்ப நாயக்கன் தெருவைச் சுற்றி ரசாயனக் கடைகள் உண்டு. சில்லறையாகக் கேட்டால் முகம் சுளிப்பவர்களும் இருப்பார்கள். பள்ளி அல்லது கல்லூரியின் கடிதத்தோடு போனால் பேச்சு சுலபமாக முடியும். அடர் அமிலங்கள் வேண்டவே வேண்டாம். 2013-இல் உச்ச நீதிமன்றம் அமில விற்பனைக்குக் கட்டுப்பாடு விதித்த பிறகு அடையாள அட்டை, பதிவேடு என்று நிறைய நடைமுறைகள் உண்டு. அது இருக்கட்டும், புதிதாக மேடையேறுகிறவருக்கு அடர் கந்தக அமிலத்தால் ஆக வேண்டிய காரியம் ஒன்றும் இல்லை.

பெராக்சைடு வாங்கும்போது லேபிளைப் படியுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கிடைப்பது பெரும்பாலும் 6 சதவீதம். அதையே "20 வால்யூம்" என்றும் போட்டிருப்பார்கள். ஒரு மில்லி கரைசலிலிருந்து 20 மில்லி ஆக்சிஜன் வெளிவரும் என்பது அதன் கணக்கு. ரசாயனக் கடையில் 30 சதவீதம், அதாவது 100 வால்யூம் கொடுப்பார்கள். அது தோலில் பட்டால் வெள்ளையாகப் பொத்து எரியும், கண்ணில் பட்டால் கண் போகும். காணொளிகளில் நுரை கூரை வரை பீய்ச்சியடிப்பதெல்லாம் அந்தச் சரக்கு. உங்களுக்கு 6 போதும்.

தண்ணீரும் வெயிலும்

புத்தகத்தில் உள்ள அளவுகள் குளிரூட்டிய ஆய்வகத்துக்கும் வடிநீருக்கும் எழுதியவை. இங்கே இரண்டும் இல்லை.

போர் தண்ணீரில் பைகார்பனேட் அதிகம், அதனால் லேசான காரத்தன்மை இருக்கும். அதில் முட்டைக்கோஸ் சாற்றை ஊற்றினால் ஊதாவாக இருக்க வேண்டியது எடுத்த எடுப்பிலேயே நீலமாக நிற்கும். நிறமாற்ற நிகழ்ச்சியில் தொடக்க நிறமே கோணலாகிவிட்டால் மற்றதெல்லாம் கோணல்தான். கேன் தண்ணீர் பரவாயில்லை. இன்னும் நல்லது, பேட்டரிக்கு ஊற்ற விற்கும் தாது நீக்கிய தண்ணீர். ஒரு கேன் வாங்கிக் கையோடு கொண்டுபோனால் அரங்கத்துக் குழாயை நம்ப வேண்டியதில்லை.

வெப்பம் இன்னொரு விஷயம். சுமார் 10 டிகிரி ஏறினால் பல வினைகளின் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகும் என்பது வேதியியலில் கைக்கணக்கு. வீட்டு ஏசி அறையில் முப்பது விநாடி காத்திருந்து மாறிய கரைசல், மே மாதம் தகரக் கூரை போட்ட பள்ளி அரங்கில் பாதி நேரத்திலேயே மாறிவிடும். நீங்கள் வசனத்தைப் பேசி முடிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். நிகழ்ச்சி எந்த நேரத்தில், எந்தக் கூடத்தில் நடக்குமோ அங்கேயே அதே நேரத்தில் ஒருமுறை கலந்து பாருங்கள். முடியாவிட்டால் நிகழ்ச்சியன்று ஒரு மணி நேரம் முன்னதாகப் போய், சின்ன டம்ளரில் கடிகாரம் வைத்துப் பார்த்து அளவைத் திருத்திக்கொள்ளுங்கள்.

ஈரக்காற்றையும் மறக்க வேண்டாம். காஸ்டிக் சோடா வில்லைகளை டப்பாவுக்கு வெளியே சில நிமிடம் வைத்தால் போதும், காற்றின் ஈரத்தை இழுத்துக்கொண்டு பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்ளும். எடை போட்ட கையோடு மூடிவிடுங்கள். திறந்து வைத்த ஈஸ்ட் பொட்டலமும் இங்கே சீக்கிரம் செத்துப்போகும். சர்க்கரை கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சிட்டிகை போட்டால் பத்து நிமிடத்தில் நுரைக்க வேண்டும். நுரைக்காவிட்டால் புதுப் பொட்டலம் வாங்குங்கள்.

முதல் உருப்படி: மஞ்சள் பலகை

வெள்ளை சார்ட் தாளில், சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் கரைத்த மஞ்சள் தூளைத் தடவி முந்தின நாளே காயவையுங்கள். தண்ணீரில் மஞ்சள் சரியாகக் கரையாது, திட்டுத்திட்டாக நிற்கும். ஸ்பிரிட்டில் ஒரே சீராகப் பிடிக்கும். மேடையில் பெரிய தூரிகையைத் தெளிந்த சலவை சோடாக் கரைசலில் நனைத்து, பள்ளியின் பெயரையோ "வணக்கம்" என்றோ எழுதுங்கள். நிறமே இல்லாத தண்ணீரால் எழுதிய எழுத்து சிவப்பாக எழும். பிறகு எலுமிச்சைச் சாறு நிரப்பிய ஸ்பிரே பாட்டிலால் அடித்தால் அழியும். இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும், ஆபத்து எதுவும் இல்லை, கூட்டம் உங்கள் பக்கம் திரும்பிவிடும்.

இதன் தொடர்ச்சியாக ஒரு பழைய ஏமாற்று வித்தையையும் அவிழ்க்கலாம். செம்பருத்தி இதழைக் கத்தியில் அழுந்தத் தேய்த்துக் காயவைத்துவிட்டு எலுமிச்சம்பழத்தை வெட்டினால் வெட்டிய இடத்தில் ரத்தம்போல் சிவக்கும். பேயோட்டுகிறேன், செய்வினை எடுக்கிறேன் என்று காசு பறித்தவர்கள் கையாண்ட தந்திரம் இது. பூவின் நிறமி அமிலம் பட்டதும் சிவக்கிறது, வேறு ஒன்றும் இல்லை. போத்தனூரில் வாழ்ந்த பி. பிரேமானந்த் (1930-2009) போன்ற பகுத்தறிவாளர்கள் இப்படிப்பட்ட வித்தைகளை ஊர் ஊராகப் போய் மேடையில் செய்து காட்டி, குட்டை உடைத்தார்கள். "மந்திரமா? தந்திரமா?" என்ற தலைப்பில் இங்கே நடக்கும் நிகழ்ச்சிகளில் இன்றும் எலுமிச்சம்பழத்துக்கு இடம் உண்டு. செய்யும்போது யார் நம்பிக்கையையும் கிண்டல் செய்யாமல், கத்தியை மட்டும் தூக்கிக் காட்டினால் போதும். பார்ப்பவர்கள் மிச்சத்தைப் புரிந்துகொள்வார்கள்.

இரண்டாவது: நீல பாட்டில்

எனக்கு மிகவும் பிடித்தது இது. நிறமற்ற தண்ணீர் இருக்கும் பாட்டிலைக் குலுக்கினால் நீலமாகும். மேசையில் வைத்தால் தானாக வெளுக்கும். மறுபடி குலுக்கினால் மறுபடி நீலம். பத்துப் பதினைந்து முறை அசராமல் செய்யும்.

ஒரு லிட்டர் பாட்டிலுக்கு 300 மில்லி தாது நீக்கிய தண்ணீர். அதில் 8 கிராம் காஸ்டிக் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டுக் கரையுங்கள். எப்போதும் தண்ணீரில்தான் சோடாவைப் போட வேண்டும், சோடா மேல் தண்ணீரை ஊற்றக் கூடாது. கரையும்போது சூடேறும், அதனால் கண்ணாடிப் பீக்கரில் கரைத்து ஆறவிட்டு, பிறகு பாட்டிலுக்கு மாற்றுங்கள். ஆறியதும் 10 கிராம் குளுக்கோஸ். பழச்சுவை சேர்த்த பாக்கெட் வேண்டாம், வெறும் குளுக்கோஸ். கடைசியாக மெத்திலீன் நீலம் சில சொட்டு. பாட்டிலில் பாதிக்கு மேல் காற்று இருக்க வேண்டும், அந்தக் காற்றில்தான் விஷயமே இருக்கிறது.

நடப்பது இதுதான்: குளுக்கோஸ் சாயத்தின் நிறத்தைப் பறிக்கிறது, குலுக்கும்போது கரையும் ஆக்சிஜன் நிறத்தைத் திருப்பிக் கொடுக்கிறது. குளுக்கோஸ் தீரும் வரைக்கும், பாட்டிலில் ஆக்சிஜன் இருக்கும் வரைக்கும் விளையாட்டு நடக்கும். வெளுத்துக்கொண்டே வரும்போது மேற்பரப்பில், காற்றைத் தொடும் இடத்தில் மட்டும் மெல்லிய நீலக் கோடு நிற்கும். கேமரா வைத்திருந்தால் அந்தக் கோட்டை நெருங்கிக் காட்டுங்கள். "அங்கே மட்டும் ஏன் நீலம்?" என்று கேட்டால், முன்வரிசையில் ஏதாவது ஒரு வாண்டு "காத்து படுதுல்ல!" என்று கத்தும். நீங்கள் விளக்க வேண்டியதை அந்தப் பிள்ளையே விளக்கிவிடும்.

இங்கத்திய வெப்பத்தில் வெளுப்பது வேகமாகவே நடக்கும். ஆனால் கரைசல் சில மணி நேரத்தில் மஞ்சளாகி, பிறகு பழுப்பாகிவிடும். காலையில் கலந்து மாலைக்கு வைத்திருப்பது வேண்டாம். மூடி இறுக்கமாக இருக்கிறதா என்று தண்ணீரை வைத்துச் சோதித்துக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பது காரம். குலுக்குவது நீங்கள் மட்டும்தான், குழந்தைகள் கையில் கொடுக்கக் கூடாது. அவர்களுக்கு வேறு வேலை கொடுங்கள்: வெளுக்கும் வரை சத்தமாக எண்ணச் சொல்லுங்கள். நன்றாகக் குலுக்கினால் எண்ணிக்கை கூடும், லேசாகக் குலுக்கினால் குறையும். ஏன் என்று அவர்களையே கேளுங்கள்.

மூன்றாவது: சொன்ன நேரத்தில் கறுக்கும் கஞ்சி

"காத்திருந்து மாறும்" வகை இதுதான். இதற்கான மாவுச்சத்தை எந்தக் கடையிலும் வாங்க வேண்டாம். உப்புப் போடாமல் வடித்த கஞ்சியைத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, துணியில் வடிகட்டினால் போதும்.

1. வைட்டமின் சி மாத்திரை இரண்டை (தலா 500 மில்லிகிராம்) பொடித்து 60 மில்லி தண்ணீரில் கரைத்து வடிகட்டுங்கள். மாத்திரையின் ஆரஞ்சு நிறம் லேசாக இருக்கும், கெடுதல் இல்லை. அஸ்கார்பிக் அமிலத் தூள் கிடைத்தால் இன்னும் தெளிவு.

2. ஒரு டம்ளரில் 50 மில்லி தண்ணீர், 5 மில்லி பொவிடோன் அயோடின். பழுப்பாக இருக்கும். வைட்டமின் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விடுங்கள். நிறம் முழுக்கப் போனதும் நிறுத்தி, கூடுதலாக ஐந்து சொட்டு விடுங்கள்.

3. இன்னொரு டம்ளரில் 30 மில்லி பெராக்சைடு, 20 மில்லி தண்ணீர், இரண்டு கரண்டி கஞ்சித் தண்ணீர்.

4. இரண்டையும் ஒன்றாக ஊற்றுங்கள். ஒன்றும் நடக்காது. நடக்காது. சட்டென்று மொத்தமும் கருநீலம்.

பெராக்சைடு அயோடினை உண்டாக்கிக்கொண்டே இருக்கிறது, வைட்டமின் சி அதை உடனுக்குடன் தின்றுகொண்டே இருக்கிறது. வைட்டமின் தீர்ந்த அந்த விநாடியில் அயோடின் கஞ்சியைப் பிடித்துக்கொள்கிறது. ஆக, கடிகாரத்துக்குச் சாவி அந்தக் கூடுதல் சொட்டுகள்தான். சொட்டு கூடினால் காத்திருப்பும் கூடும். ஒத்திகையில் ஐந்து சொட்டுக்கு எத்தனை விநாடி என்று பார்த்துக்கொண்டால், மேடையில் வைக்கும் மூன்று ஜாடிகளுக்கு வெவ்வேறு அளவு விட்டு, ஒன்றன்பின் ஒன்றாகக் கறுக்கவைக்கலாம். "இப்போ!" என்று நீங்கள் விரல் சொடுக்கும்போது இரண்டாவது ஜாடி கறுத்தால் அரங்கம் அதிரும். ஒரு விநாடி முன்னேபின்னே ஆனாலும் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், சிரிப்புதான் வரும். அரங்குக்கு ஏற்ப எல்லா அளவையும் ஐந்து மடங்கு, பத்து மடங்கு ஆக்கிக்கொள்ளலாம்.

கறுத்த ஜாடியில் மீதமுள்ள வைட்டமின் கரைசலைத் தாராளமாக ஊற்றினால் பளிச்சென்று வெளுக்கும். அதையும் காட்டிவிடுங்கள். சட்டையில் தெறித்த அயோடின் கறைக்கும் அதுவே மருந்து.

நான்காவது: இருட்டில் கீரை

கீரையை நறுக்கி ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டினால் பச்சைச் சாறு கிடைக்கும். விளக்கை அணைத்துவிட்டுப் புற ஊதா டார்ச் அடித்தால் அந்தப் பச்சைச் சாறு ரத்தச் சிவப்பாக ஒளிரும். பச்சையம் வாங்கிய ஒளியைச் சிவப்பாகத் திருப்பி விடுகிறது. பக்கத்தில் ஸ்பிரிட்டில் கரைத்த மஞ்சளை வைத்தால் அது பச்சை கலந்த மஞ்சளாகப் பளபளக்கும். டார்ச்சைக் கூட்டத்தின் கண்ணுக்கு நேரே திருப்ப வேண்டாம். ஸ்பிரிட் இருப்பதால் பக்கத்தில் தீக்குச்சி, விளக்கு எதுவும் கூடாது, குத்துவிளக்கு உட்பட. மேடையில் குத்துவிளக்கேற்றித்தான் விழா தொடங்கும் என்பதால் இதை முன்கூட்டியே ஒருங்கிணைப்பாளரிடம் சொல்லி, விளக்கை ஓரமாக நகர்த்தச் சொல்லுங்கள். அரங்கில் இருட்டே கிடைக்காது என்றால் இந்த உருப்படியை விட்டுவிடலாம்.

கடைசியாக நுரை

யானைப் பற்பசை என்று குழந்தைகளே பெயர் சொல்லிக் கேட்பார்கள். குறுகிய கழுத்துள்ள அரை லிட்டர் பாட்டில், அதில் 200 மில்லி பெராக்சைடு, பாத்திரம் கழுவும் ஜெல் ஒரு பெரிய கரண்டி. தனி டம்ளரில் இரண்டு தேக்கரண்டி ஈஸ்ட்டை வெதுவெதுப்பான தண்ணீரில் கலக்கி ஐந்து நிமிடம் வையுங்கள். கோடையில் தண்ணீரைக் காய்ச்சவே வேண்டாம், மொட்டைமாடித் தொட்டியிலிருந்து மதியம் வரும் தண்ணீரே அந்தப் பதத்தில் இருக்கும். கொதிக்கிற மாதிரி வந்தால் ஆறவிடுங்கள், இல்லாவிட்டால் ஈஸ்ட் செத்துவிடும். பாட்டிலின் வாயில் உட்பக்கமாக இரண்டு மூன்று நிறங்களைச் சொட்டவிட்டால் நுரை வரிவரியாக வரும். ஈஸ்ட்டை ஒரே மூச்சில் ஊற்றிவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள்.

கணக்கும் சுவையானது. 20 வால்யூம் பெராக்சைடு 200 மில்லி என்றால் கிட்டத்தட்ட 4 லிட்டர் ஆக்சிஜன். அரை லிட்டர் பாட்டிலுக்குள் அடங்காத அந்த வாயு, சோப்புக் குமிழிகளாக வெளியே வந்தே ஆக வேண்டும். நுரைக்குள் கனலும் ஊதுவத்தியை நுழைத்தால் முனை பளிச்சென்று கனலும், சில சமயம் தீயே பிடிக்கும். நுரை வெதுவெதுப்பாக இருக்கும். அதில் வினை முடியாத பெராக்சைடும் இருக்கலாம் என்பதால் குழந்தைகளைக் கைவைக்க விடாதீர்கள். அடியில் அகலமான தாம்பாளம் வையுங்கள். இதற்குப் பிறகு மேடை ஈரமாகிவிடும், எனவே இதுவே கடைசி உருப்படி.

ஐஸ் புகையும் தீயும்

டிரை ஐஸ் கேட்காத அமைப்பாளரே கிடையாது. மைனஸ் 78.5 டிகிரியில் உள்ள உறைந்த கார்பன் டை ஆக்சைடு அது. முட்டைக்கோஸ் சாற்றில் சிட்டிகை சலவை சோடா சேர்த்துப் பச்சையாக்கி, அதில் ஒரு துண்டைப் போட்டால் புகை வழிய வழியப் பச்சை நீலமாகி, பிறகு ஊதாவாகும். பார்க்க அருமையாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கையாளத் தடித்த கையுறை வேண்டும். மூடி போட்ட பாட்டிலில் அடைத்தால் வெடிக்கும். ஒரு கிலோவிலிருந்து 500 லிட்டருக்கு மேல் வாயு வரும், ஆகவே கண்ணாடி ஏற்றிய ஏசி காரில் கொண்டுபோகக் கூடாது. ஜன்னலைத் திறந்துவிட்டு, இறுக மூடாத தெர்மாகோல் பெட்டியில் கொண்டுபோங்கள். மெட்ரோ ரயிலில் இந்த மாதிரிச் சாமான் எதையும் ஏற்றவே வேண்டாம். குடிக்கும் பானத்தில் போட்டுக் காட்டுவதும் கூடாது. 2024-இல் திரவ நைட்ரஜன் ஊற்றிய "ஸ்மோக் பிஸ்கட்" விவகாரத்துக்குப் பிறகு தமிழ்நாடு உணவுப் பாதுகாப்புத் துறையே எச்சரிக்கை விட்டது. திரவ நைட்ரஜன் பக்கமே புதியவர்கள் போக வேண்டாம்.

தீயைப் பற்றி ஒன்றே ஒன்று. தட்டுகளில் மெத்தனால் ஊற்றி, உப்புகளைப் போட்டு வண்ண வண்ணமாக எரியவிடும் "வானவில் தீ" காட்சியால் அமெரிக்க வகுப்பறைகளில் மாணவர்கள் பலமுறை கருகியிருக்கிறார்கள். தீ மங்குகிறதே என்று பாட்டிலிலிருந்து இன்னும் கொஞ்சம் ஊற்றப் போகும்போதுதான் பெரும்பாலும் பற்றிக்கொள்கிறது. அதைச் செய்யாதீர்கள். தீ வேண்டும் என்றால் ஒரு மெழுகுவத்தி போதும். 1860-61 கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் மைக்கேல் ஃபாரடே சிறுவர்களுக்கு நடத்திய ஆறு சொற்பொழிவுகளும் ஒரே ஒரு மெழுகுவத்தியைப் பற்றியவைதான். அணைத்த திரியிலிருந்து எழும் வெள்ளைப் புகையில் தீக்குச்சியைக் காட்டினால், திரியைத் தொடாமலேயே தீ புகை வழியாக இறங்கித் திரியைப் பற்றும். எரிவது திரி அல்ல, மெழுகின் ஆவி என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம். மின்விசிறியை மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள்.

மேடை ஏற்பாடு

முன்வரிசை, உங்கள் மேசையிலிருந்து குறைந்தது மூன்று மீட்டர் தள்ளி இருக்கட்டும். தரையில் உட்காரவைத்த பிள்ளைகள் நிமிடத்துக்கு ஓரடி முன்னே நகர்வார்கள், எனவே சாக்பீஸில் கோடு போட்டு, ஒரு ஆசிரியரை அங்கே நிறுத்துங்கள். ஜாடிகளுக்குப் பின்னால் வெள்ளைச் சார்ட். அது இல்லாமல் நிறமாற்றம் எடுபடாது. மேசைமேல் ஒரு பெட்டியை வைத்து அதன்மேல் ஜாடியை உயர்த்துங்கள். செல்போனை ஸ்டாண்டில் மாட்டி புரொஜெக்டரில் இணைத்துவிட்டால் கடைசி வரிசைக் கவலை தீரும்.

உங்களுக்குப் பருத்தி உடை, மூடிய செருப்பு, பாதுகாப்புக் கண்ணாடி. விழா என்பதற்காகப் பட்டுப் புடவையோ தொங்கும் துப்பட்டாவோ வேண்டாம். மேடைக்குக் கூப்பிடும் பிள்ளைக்கும் கண்ணாடி மாட்டிவிட்ட பிறகுதான் எதையும் தொடவிட வேண்டும். உதவிக்கு ஒருவர் கட்டாயம். ஒரு வாளி தண்ணீர், தீயணைப்பான், பழைய துணி மூன்றும் கைக்கெட்டும் தூரத்தில். எந்த ரசாயனமும் குடிநீர் பாட்டிலில் இருக்கக் கூடாது, உங்கள் குடிநீர் மேசைமேலேயே இருக்கக் கூடாது.

பேச்சைப் பொறுத்தவரை, விளக்கத்தை முன்னால் வைக்காதீர்கள். "இப்போது இது நீலமாகும்" என்று சொல்லிவிட்டுச் செய்தால் பாதி சுவை போச்சு. "இது என்ன ஆகும்னு நினைக்கிறீங்க? மாறும்னு சொல்றவங்க கை தூக்குங்க" என்று கேட்டுவிட்டுச் செய்யுங்கள். தப்பாகக் கை தூக்கிய பிள்ளையை மட்டம் தட்டாமல், "நானும் முதல்ல அப்படித்தான் நினைச்சேன் தம்பி" என்று சொன்னால் அடுத்த கேள்விக்கு இன்னும் நாலு கை கூடுதலாக எழும். காத்திருக்கும் விநாடிகளில் வாயை மூடிக்கொள்வது கஷ்டம், பழகிக்கொள்ளுங்கள். மைக் அடிக்கடி சதி செய்யும். உருப்படி மைக் இல்லாமலும் புரிய வேண்டும். ஒன்று வேலை செய்யாவிட்டால், "வரலை, ஏன் வரலைன்னு அப்புறம் பார்ப்போம்" என்று சொல்லி அடுத்ததற்குப் போய்விடுங்கள். மேடையில் நின்று சரிசெய்ய முயலாதீர்கள்.

போவதற்கு முன் மற்றவர்கள் எப்படிச் செய்கிறார்கள் என்று பார்ப்பது நல்லது. கோட்டூர்புரத்தில் பிர்லா கோளரங்கம் இருக்கும் பெரியார் அறிவியல் தொழில்நுட்ப மையம், தமிழ்நாடு அறிவியல் இயக்கம் நடத்தும் கூட்டங்கள், அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 வகுப்பு வரை நடக்கும் வானவில் மன்றம் என்று வழிகள் உண்டு. செயல்முறைகளைவிட, குழந்தைகளிடம் அவர்கள் எப்படிப் பேசுகிறார்கள் என்பதைக் கவனியுங்கள்.

முடிந்த பிறகு

செல்பி கூட்டம் மேசையை மொய்ப்பதற்குள் உதவியாளர் ஜாடிகளை உள்ளே எடுத்துப்போய்விட வேண்டும். நீல பாட்டில் கரைசலில் வினிகரை ஊற்றிக் காரத்தைத் தணித்து, நிறையத் தண்ணீரோடு கழிப்பறையில் விடுங்கள். அயோடின் ஜாடியை வைட்டமின் கரைசலால் வெளுக்கவைத்துவிட்டு ஊற்றலாம். நுரை, கஞ்சி, முட்டைக்கோஸ் தண்ணீருக்குக் குழாய்த் தண்ணீர் போதும். கீரையும் மஞ்சளும் கரைத்த ஸ்பிரிட்டைச் சாக்கடையில் கொட்டாமல், தீ இல்லாத திறந்தவெளியில் ஆவியாகவிடுங்கள்.

மிஞ்சிய பெராக்சைடை ஒருபோதும் பழைய பாட்டிலிலேயே திருப்பி ஊற்றாதீர்கள். துளி ஈஸ்ட் கலந்திருந்தாலும் உள்ளே வாயு சேர்ந்து பாட்டில் உப்பி வெடிக்கும். தண்ணீர் கலந்து கொட்டிவிடலாம். காலி பாட்டில்களைக் கழுவி, ஓட்டை போட்டு, நசுக்கிக் குப்பையில் போடுங்கள். அரங்கத்துக் காவலாளியோ துப்புரவு செய்பவரோ நல்ல பாட்டிலாயிற்றே என்று எடுத்துப்போய்க் குடிதண்ணீர் பிடித்து வைத்துவிடக் கூடாது.